அயோத்தியாப்பட்டணம் ஹைட்ராலிக் பட்டறை: பழைய மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கருவியை ஆயில் அழுத்தத்தால் தூக்குகிற லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று போனதுமே "பம்ப் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்லாத மெக்கானிக்கைத் தேடுகிறீர்களா? சேலத்திலிருந்து வாழப்பாடி போகிற ரோட்டில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு லேத் பட்டறையை ஒட்டித் தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் லிஃப்ட் கவர் கழற்றிய டிராக்டர் ஒன்று எப்போதும் நிற்கும், அதுதான் அடையாளம்.

எங்களுடையது வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு. மர வரிசைக்குள் பெரிய வண்டி திரும்பாது. அதனால் பதினெட்டரை ஹெச்.பி. மினி டிராக்டரைத்தான் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறோம். போன பட்டத்தில் அதற்கு இரண்டு தொல்லைகள் வந்தன. காலையில் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைச் சுளுவாகத் தூக்கும். வெயில் ஏறி ஆயில் சூடானதும் வரப்போரம் திருப்பும்போது பாதியிலேயே நின்று முனகும். அடுத்தது, தூக்கி வைத்து என்ஜினை நிறுத்தினால், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தானாகத் தரையில் இறங்கியிருக்கும். முதலில் காட்டிய இடத்தில் ஒன்றையும் கழற்றிப் பார்க்காமலே ஆயிலைத் தள்ளுகிற பம்ப், அதைத் திருப்பிவிடுகிற கன்ட்ரோல் வால்வு இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். சூடானால் வலு குறைவது பம்ப் தேய்ந்ததற்கும் அடையாளம்தான் என்பதால், அவர்கள் சொன்னதை அடியோடு தப்பு என்று சொல்ல மாட்டேன். சோதிக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் பட்டறைத் தம்பி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். "பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்குக்கா. இது நுரை. எங்கயோ காத்து இழுக்குது" என்றார். அப்புறம் பிரஷர் கேஜை மாட்டி, ஆயில் சூடாகும்வரை வண்டியை ஓடவிட்டார். முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கியது. பம்ப் மட்டும் தேய்ந்திருந்தால் முள் இறங்கி அங்கேயே நிற்கும், இப்படி ஆடாது என்று விளக்கினார். அடுத்து அவர் செய்ததைப் பார்க்கவே அங்கே போகலாம். பம்புக்கு ஆயில் இழுக்கிற குழாயின் இணைப்பைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸை அப்பினார். கொஞ்ச நேரத்தில் அந்த முனகல் அடங்கிவிட்டது. பட்டறையில் இருந்த எல்லோர் காதுக்கும் அது கேட்டது.

கழற்றியபோது அந்த இணைப்பின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகி, வளைத்தால் உடைகிற அளவுக்கு இறுகியிருந்தது. அந்த வழியாக ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுகூட விழாததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை. ஆயிலை வடிகட்டுகிற சல்லடையில் சேறும் கேஸ்கெட் துணுக்கும் அடைத்திருந்தன. அதை வெயிலில் பிடித்துப் பித்தளை மினுக்கம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் பம்பின் தண்டைத் தாங்குகிற புஷ் கரைகிறது என்று அர்த்தமாம். இல்லை.

தானாக இறங்கும் கோளாறுக்குப் பம்ப் காரணமாக இருக்கவே முடியாது, என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடுகிறதே என்றார். ரோட்டவேட்டரைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் இறக்கும் வேகத் திருகை முழுக்க மூடினார். எங்கள் வண்டியில் அந்தத் திருகு கன்ட்ரோல் வால்வுக்கும், லிஃப்டைத் தூக்குகிற சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிறது. மூடிய பிறகு இறங்காமல் நின்றால் கசிவு வால்வில், அப்போதும் இறங்கினால் சிலிண்டருக்குள். இறங்கியது. பிஸ்டனில் ஓ-ரிங்கும், அது பிதுங்காமல் தாங்குகிற பேக்கப் ரிங்கும் புதிதாகப் போட்டார். பேக்கப் ரிங், அழுத்தம் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்குக் காட்டிவிட்டே மாட்டினார். லீவரை உச்சியில் வைத்தால் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுகிற ரிலீஃப் வால்வு 'உஸ்' என்று ஊதிக்கொண்டே இருந்ததையும், லீவரை வால்வோடு இணைக்கிற லிங்கேஜைத் திருகிச் சரிசெய்தார். அந்த ஊதலும் ஆயிலைச் சூடாக்கும்.

ஏற்காட்டுக் காபி எஸ்டேட் வண்டிகளும் குப்பனூர் ரோடு வழியாக இறங்கி இங்கே வருகின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் கொஞ்ச நேரம் முனகும், சூடானதும் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஓடவிட்டுத் தூக்கினால் போதும் என்று ஒரு எஸ்டேட் டிரைவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நேர்மாறாக இருந்ததால்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

ஆயில், சீல், கூலி எல்லாம் சேர்த்து ரூ.8,000-க்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் ஆயில்தான். பழைய சாமான்களை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. சீல் டவுனிலிருந்து வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பில் துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையாக மட்டுமே வந்தது. கழற்றிய வால்வு பாகங்களைப் பையன்கள் மண் தரையில் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். ஹைட்ராலிக்கில் ஒரு மணல் துகள் போதும், வால்வுக்குள் நகர்கிற ஸ்பூலில் கீறல் விழும். நான் சொன்ன பிறகு தட்டுக்கு மாற்றினார்கள். அடுத்தவர் சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

பாதுகாப்பில் மட்டும் அந்தத் தம்பி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தூக்கி நிற்கிற கருவிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் யாரையும் குனிய விடுவதில்லை. பிரஷர் ஹோஸில் கசிவைத் தேட ஒரு பையன் கையைக் கொண்டுபோனதும் அதட்டி, அட்டைத் துண்டைக் கொடுத்தார். ஊசி முனை ஓட்டையிலிருந்து பீய்ச்சுகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டிவரும்.

போகிறவர்கள் வண்டியைக் கழுவி, சேறில்லாமல் கொண்டுபோங்கள். கம்பெனி கையேடு இருந்தால் எடுத்துப் போங்கள், பிரஷர் அளவும் ஆயில் கிரேடும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். மழை நாளில் வேண்டாம், கொட்டகைக்குள் ஒரு வண்டிக்குத்தான் இடம்.