சிடி, டிவிடியை விசாரிக்க எந்தக் கட்டளை? ஐசோஇன்ஃபோவிலிருந்து எக்ஸாரிசோவுக்கு நான் மாறிய காரணம்

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த 140 சொச்சம் சிடி, டிவிடிகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும் வேலையைப் போன மாதம்தான் முடித்தேன். முடித்தேன் என்பதும் முக்கால் உண்மைதான், 12 வட்டுகள் இன்னும் தனி உறையில் கிடக்கின்றன, அந்தக் கதை கடைசியில் வரும். நகலெடுக்கத் தொடங்குமுன் வட்டின் பெயர் என்ன, எந்த ஃபைல் சிஸ்டம், எத்தனை பிளாக் என்று லினக்ஸ் டெர்மினலில் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். இதற்கு அரை டஜன் கட்டளைகள் இருக்கின்றன. முதல் 30 வட்டுகளுக்கு ஒன்று, அடுத்த 50-க்கு இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் எக்ஸாரிசோவில் (xorriso) வந்து நின்றேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். கட்டளைப் பெயர்களை வாயில் வருகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் முதலில் தொடுவது எல்எஸ்பிஎல்கே. எந்த டிஸ்ட்ரிபியூஷனிலும் கூடவே வரும், ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டாம், எஃப் ஆப்ஷனோடு போட்டால் லேபிளும் ஃபைல் சிஸ்டமும் வந்துவிடும். ஆனால் அதில் வரும் அளவை அப்படியே நம்பாதீர்கள். டிரைவ் காலியாக இருக்கும்போது போட்டுப் பாருங்கள், எஸ்ஆர்0-க்கு (லினக்ஸில் சிடி டிரைவின் பெயர்) எதிரே 1024எம் என்று கூசாமல் காட்டும். வட்டே இல்லாத டிரைவுக்கு ஒரு ஜிபி! கெர்னல் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் எண் அது, அவ்வளவுதான்.

அதன் பங்காளி பிஎல்கே-ஐடி. ரூட் இல்லாமல் ஓட்டினால் பழைய கேஷில் இருப்பதைச் சரிபார்க்காமலே எடுத்துத் தரும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது, எல்எஸ்பிஎல்கேயைப் பயன்படுத்தச் சொல்வதும் அதே கையேடுதான். வட்டை மாற்றி மாற்றிப் போடுகிறவனுக்கு இது தலைவலி. பி ஆப்ஷன் கொடுத்தால் கேஷை விட்டுவிட்டு வட்டையே நேராகப் படிக்கும், ரூட்டாகப் போட்டால் சிக்கல் இல்லை. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் உண்டு. ஐசோ 9660 (சிடிகளில் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) வட்டுக்கு யூயூஐடி, அதாவது அடையாள எண், என்று இது காட்டுவது ஏதோ எண் குவியல் இல்லை, அந்த வால்யூம் கடைசியாக மாறிய, அது பதிவாகாவிட்டால் உருவான, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் கோடு போட்டுப் பிரித்த வரிசை. மேலே எதுவும் எழுதாத வட்டுகளுக்கு நான் தேதி கண்டுபிடித்தது இப்படித்தான்.

அப்புறம் ஐசோஇன்ஃபோ. டி ஆப்ஷனும் ஐ ஆப்ஷனும் சேர்த்து டிரைவைக் காட்டினால், 16-ஆவது செக்டரில் இருக்கும் வால்யூம் டிஸ்கிரிப்டரை அப்படியே பிரித்து வைத்துவிடும். வால்யூம் ஐடி, பப்ளிஷர் ஐடி, எந்த மென்பொருள் எழுதியது, ஜோலியட் இருக்கிறதா, ராக் ரிட்ஜ் இருக்கிறதா (இரண்டும் நீளமான கோப்புப் பெயர்களுக்கான நீட்டிப்புகள்), எல்லாம் வரிசையாக, ஒரு வரிக்கு ஒரு தகவல். கிரெப் (வரி தேடும் கட்டளை) போட்டுப் பிடிக்க இதைவிட வசதியான வெளியீடு எதிலும் இல்லை. எல் ஆப்ஷன் கொடுத்தால் மவுண்ட் செய்யாமலே, அதாவது வட்டை ஒரு ஃபோல்டராக இணைக்காமலே, கோப்புப் பட்டியலும் வந்துவிடும். நான் 50 வட்டுகளுக்கு இதை மட்டுமே வைத்து ஓட்டினேன், ஓட்டியதில் வருத்தமும் இல்லை, ஒரே ஒரு வட்டு வரும்வரை.

ஐசோஇன்ஃபோவின் பெரிய பலம் அது காட்டும் வால்யூம் சைஸ். இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், டிரைவ் சொல்லும் அளவும் வால்யூமின் அளவும் எப்போதும் ஒன்றாக இருக்காது. சிடியை ட்ராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதியிருந்தால் ட்ராக்கின் கடைசியில் ரன்-அவுட் பிளாக்குகள் 2 ஒட்டிக்கொள்ளும், அவற்றில் தரவு இல்லை, படிக்கவும் வராது. டிரைவோ அவற்றையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். அதை நம்பி டிடி கட்டளையால் மொத்தத்தையும் உறிஞ்சினால், கடைசி நொடியில் ஐஓ எர்ரர் அடித்து, வட்டே கெட்டுப்போய்விட்டதோ என்று வயிறு கலங்கும். மென்பொருள்காரர்களுக்கும் இது தெரிந்ததுதான். ஜென்ஐசோஇமேஜ் சொல்லாமலே வாலில் 150 செக்டர் திணிப்பு வைப்பதும், முன்கூட்டிப் படிக்கும் பழக்கத்தால் வரும் இந்தக் கோளாறைத் தாண்டத்தான். ஐசோஇன்ஃபோ சொல்லும் எண்ணை டிடியின் கவுண்டாகவும் 2048-ஐ பிளாக் அளவாகவும் கொடுத்தால் தலைவலி தீர்ந்தது. எம்டி5 (நகல் சரியா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) எடுத்து ஒப்பிடுவதற்கும் இந்த எண்தான் ஆதாரம்.

சரி, அந்த ஒரு வட்டு. வெள்ளை மேல்பரப்பில் மார்க்கரால் '2006, 2007 படங்கள்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. உள்ளே போட்டதும் தானாக மவுண்ட் ஆனது, திறந்தால் 2007 மட்டும்தான் இருந்தது. எழுதும்போது மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல ஐசோஇன்ஃபோவில் கேட்டால் வால்யூமின் பெயர் 2006 என்றது! கோப்புப் பட்டியல் கேட்டேன், அத்தனையும் 2006 படங்கள், 2007-இல் ஒன்றுகூட இல்லை. ஒரே வட்டு, ஒரே டிரைவ், மவுண்ட் ஒன்று சொல்கிறது, ஐசோஇன்ஃபோ வேறொன்று சொல்கிறது. டிரைவின் லென்ஸ்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, இன்னொரு டிரைவைத் தேடிப்பிடித்து மாட்டி, அங்கேயும் இதே கூத்து நடந்த பிறகுதான் புத்தி வந்தது. அது இரண்டு செஷன் வட்டு, அதாவது இரண்டு தடவையாக எழுதியது. லினக்ஸ் மவுண்ட் கடைசி செஷனை எடுத்துக்கொள்கிறது. என்னிடம் இருந்த ஐசோஇன்ஃபோ பதிப்போ எப்போதும் முதல் செஷனின் 16-ஆவது செக்டருக்கே போய் நிற்கிறது. சாதாரணமாக இரண்டாவது செஷன் எழுதும்போது முதல் செஷனின் கோப்புப் பட்டியலையும் இழுத்துச் சேர்த்துக்கொள்வார்கள், அப்போது கடைசி செஷனிலேயே எல்லாம் தெரியும். அன்றைக்கு நான் அந்த இழுத்துச் சேர்க்கிற டிக்கைப் போடாமல் எழுதித் தள்ளியிருக்கிறேன்.

எக்ஸாரிசோவில் டிரைவை இன்டெவ் என்று கொடுத்து டிஓசி (வட்டின் உள்ளடக்க அட்டவணை) கேட்டதும் விஷயம் நாலே வரியில் வெளிச்சமானது. செஷன் 1 தொடங்குவது 0-இல், 41 ஆயிரம் சொச்சம் பிளாக், ஏறக்குறைய 80 எம்பி, பெயர் 2006. செஷன் 2 தொடங்குவது 52 ஆயிரம் சொச்சத்தில், பெயர் 2007. இரண்டுக்கும் நடுவில் 11 ஆயிரத்துக்கு மேல் பிளாக் எங்கே போனது என்று கேட்டால், முதல் செஷனை மூடும் லீட்-அவுட்டுக்கு 6750, அடுத்ததன் லீட்-இன்னுக்கு 4500, முன் இடைவெளிக்கு 150, ஆக 11,400 செக்டர், சுமார் 22 எம்பி. அடுத்தடுத்த செஷன்களுக்கு லீட்-அவுட் 2250-தான், அதனால் இழப்பு 6900 செக்டராகக் குறையும். அந்த இடைவெளி படிக்கவே வராத பகுதி. டிடியை முழு வட்டுக்கும் ஓட்டியிருந்தால் அந்த ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஐசோஇன்ஃபோவின் எண்ணை வைத்து டிடி ஓட்டியிருந்தால் இன்னும் மோசம், எந்தப் பிழையும் காட்டாமல் 2006-ஐ மட்டும் சுத்தமாக நகலெடுத்து, எம்டி5-உம் பொருந்தி, நானும் நிம்மதியாக வட்டைக் குப்பையில் போட்டிருப்பேன்.

அதற்கு முன்னால் முடித்த 80 வட்டுகளின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அன்றிரவு உட்கார்ந்தேன். நல்லவேளை, எதையும் அதுவரை தூக்கிப் போடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு டிஓசி கேட்டதில் 7 வட்டுகள் பல செஷன் கொண்டவை, அதில் 2 இதே மாதிரி முந்தையதை மறைத்துக்கொண்டிருந்தவை. என் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால் ஐசோஇன்ஃபோவிலும் வழி இருக்கிறது. பெரிய எழுத்து டி (T) ஆப்ஷனில் செஷன் தொடங்கும் செக்டர் எண்ணைக் கொடுத்தால் அந்தச் செஷனைக் காட்டும். ஆனால் அந்த எண் தெரிந்தால்தானே கொடுப்பது? அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கட்டளை வேண்டும், கையேடும் இதை ஒரு அவசர ஒட்டு வேலை என்றுதான் வர்ணிக்கிறது. எக்ஸாரிசோவில் லோட் என்ற ஆப்ஷனில் செஷன் 1 என்று சொன்னால் போதும், கோப்புகளை வெளியே எடுக்க அனுமதிக்கும் ஓசிரோக்ஸை ஆன் செய்து எக்ஸ்ட்ராக்ட் கொடுத்தால் அந்தச் செஷனின் கோப்புகளை எடுத்து வெளியே வைத்துவிடும். மவுண்ட் செய்துதான் பார்க்க வேண்டும் என்றால், அந்தச் செஷனுக்கான மவுண்ட் கட்டளையை எழுதித் தரவே மவுண்ட்-சிஎம்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஐசோஇன்ஃபோ காட்டும் பப்ளிஷர், மென்பொருள் பெயர், தேதி எல்லாம் வேண்டுமென்றால் பிவிடி-இன்ஃபோ. வட்டின் எல்லா பிளாக்கையும் படித்துப் பார்த்து எந்தப் பகுதி நல்லது, எந்தப் பகுதி போயிற்று என்று பிரித்துச் சொல்ல செக்-மீடியா. இது மெதுவானது, கீறல் விழுந்த வட்டில் ஆரம்பித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம்.

எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு. வட்டு மவுண்ட் ஆகியிருந்தால் டிரைவ் பிஸி என்று கதவைச் சாத்திவிடும், டெஸ்க்டாப்போ வட்டைப் போட்டதும் மவுண்ட் செய்துதான் தீருவேன் என்னும். தானாக மவுண்ட் ஆவதை நிறுத்திவிட்டுத்தான் என்னால் வேலையே பார்க்க முடிந்தது. ஆப்ஷன்களை எழுதிய வரிசையில்தான் நிறைவேற்றும், வரிசை மாறினால் விளைவும் மாறும். ஒவ்வொரு முறையும் தன் பெயர், பதிப்பு எண், டிரைவ் விவரம் என்று முகவுரை வாசித்த பிறகுதான் விஷயத்துக்கு வரும். இன்னொன்று, இது அடிப்படையில் வட்டு எழுதும் மென்பொருள், கூடவே தகவலும் சொல்கிறது. தகவல் கேட்க மட்டும் போகிறவர்கள் இன்டெவ்வையே பயன்படுத்துங்கள், டெவ் என்று கொடுத்தால் எழுதுவதற்கும் அதே டிரைவைப் பிடித்துக்கொள்ளும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ, வால்யூமைவிட வட்டு என்ற பொருளைப் பற்றித்தான் அதிகம் பேசும். மீடியா ஐடி, மூடியதா திறந்ததா, எத்தனை செஷன், ஒவ்வொரு ட்ராக்கின் அளவு. உறையில் என்ன பிராண்டு அச்சடித்திருந்தாலும் வட்டை நிஜமாகத் தயாரித்தது யார் என்பதை மீடியா ஐடி காட்டிக்கொடுக்கும், அந்த ஆர்வம் இருப்பவர்களுக்கு இது சுவாரசியம். சிடியைப் போட்டால் இது டிவிடி இல்லை என்று வாயை மூடிக்கொள்ளும், என் குவியலில் பாதிக்கு மேல் சிடி. ஆடியோ சிடிக்கு லிப்சிடிஐஓவோடு வரும் சிடி-இன்ஃபோவை விட்டால் எனக்கு வேறு எதுவும் பழக்கமில்லை, ட்ராக் ட்ராக்காக எது ஆடியோ, எது டேட்டா என்று பிரித்துக் காட்டும், திருப்தியாக இருந்தது. விண்டோஸில் வால் கட்டளை லேபிளையும் சீரியல் எண்ணையும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும், மேக்கில் டிஆர்யூடில் ஸ்டேட்டஸ் செஷன் எண்ணிக்கை, ட்ராக் எண்ணிக்கைவரை சொல்லும். இரண்டையும் நண்பர்களின் கணினியில் ஓரிரு முறை போட்டுப் பார்த்ததோடு சரி. ப்ளூ-ரே என்னிடம் இருந்தது 2 வட்டுகள்தான், இரண்டும் ஒரே செஷன், எந்தக் கட்டளையும் தடுமாறவில்லை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இப்போது அந்த 12 வட்டுகள். டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்தவை சில, விஸ்டா வந்த பிறகு பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போட்டு எழுதியவை சில. எல்லாமே வெறும் யூடிஎஃப் (வட்டுகளுக்கான இன்னொரு ஃபைல் சிஸ்டம்), ஐசோ 9660 என்பதே உள்ளே கிடையாது. ஐசோஇன்ஃபோ இது ஐசோ வட்டே இல்லை என்று கைவிரித்தது. நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கும் எக்ஸாரிசோவும் மீடியா வகையைச் சொன்னதே தவிர உள்ளே இருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை, அதற்கு யூடிஎஃப் படிக்கத் தெரியாது. யூடிஎஃப் என்று டைப்பையும் லேபிளையும் சொன்னது, நான் முதலிலேயே ஓரங்கட்டிய பிஎல்கே-ஐடி. கூடுதல் விவரத்துக்கு யூடிஎஃப்டூல்ஸில் யூடிஎஃப்இன்ஃபோ இருக்கிறது, நேற்றுத்தான் நிறுவினேன். முதல் வட்டில் போட்டதும் பிளாக் அளவு 2048 என்று சரியாகச் சொன்னது, மீதி 11 இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு.