செவ்வாய்ப்பேட்டை பைண்டிங் கடை: அவசரம் இல்லாதவர்களுக்கு மட்டும்

ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி பிறந்தால் பனிமூட்டம் அலமாரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் அதற்குப் பலியானது என் கோயுகான் அகராதி. அலாஸ்காவின் யூக்கான், கோயுக்குக் ஆற்றங்கரை மக்களின் மொழி அது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அங்கே ஃபேர்பேங்க்ஸ் நகரில் படித்த தங்கை மகன் சுமந்து வந்து கொடுத்தது. முதுகு கழன்று நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது.

துணிப்பையில் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தே சேலத்துக்கு இறங்கினேன். முதலில் போனது ஒரு பெரிய ஜெராக்ஸ் கடை. "ஸ்பைரல் போட்டுடலாம் சார், பத்து நிமிஷம்" என்றார்கள். அந்த மொழியில் மெய்யெழுத்தை ஒட்டி ஒரு சின்ன மேற்குறி வரும். அது போனால் சொல்லே வேறு. ஓட்டை போட்டால் ஓரத்துச் சொற்கள் என்ன ஆவது? திரும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வேலை பார்க்கும் பழைய மாணவன்தான் இந்தக் கடையைச் சொன்னான். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சிவப்பு காலிகோ துணி அட்டை போட்ட பேரேடுகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஒரே ஒரு பெரியவர். அகராதியை முகர்ந்து பார்த்தார். "மலை மேல இருந்துங்களா?" என்றார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போனது.

வேலையை உட்கார்ந்து பார்த்தேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாகப் பிரித்து, மெழுகு தேய்த்த நூலால் ஒவ்வொன்றாகத் தைத்தார். மைதா பசையில் துத்தம் கலக்கிறார், பூச்சி வராதாம். தைத்த முதுகைச் சுத்தியலால் செல்லமாகத் தட்டித் தட்டி வளைக்கிறார். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கை வைக்காமலே விரிந்து கிடக்கிறது.

"என்ன பாஷைங்க இது?" என்று கேட்டார். அதபாஸ்கன் மொழிக் குடும்பம் என்றேன். அந்தப் பெயர் கனடாவில் உள்ள அதபாஸ்கா ஏரியிலிருந்து வந்தது; அங்குள்ள இன்னொரு பழங்குடியான கிரீ மக்களின் மொழிச் சொல், வெளியார் வைத்தது. தங்களை அவர்கள் சொல்லிக்கொள்வது டெனே, டெனா என்றெல்லாம்; மக்கள் என்று பொருள். அதற்கெல்லாம் அவர் தலையாட்டவில்லை. வினைச்சொல்லுக்கு வந்ததும் நிமிர்ந்தார். நாம் ஊசியையும் 'எடு' என்போம், பசையையும் 'எடு' என்போம். அந்த மொழிகளில் அப்படி முடியாது. ஊசி மாதிரி நீண்டு விறைத்திருப்பதற்கு ஒரு வினை, நூல் மாதிரி வளைவதற்கு வேறு, துணி மாதிரி தட்டையாகத் தொய்வதற்கு வேறு, பசை மாதிரி கொழகொழப்புக்கு வேறு, டீ நிரம்பிய கிளாஸுக்கு இன்னொன்று. சொல்லி முடிப்பதற்குள், "அப்ப பசையில முக்கின நூலுக்கு?" என்றார். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன், வாய் அடைத்துப்போனேன்.

யார் எழுதினது என்றும் விடவில்லை. ஜூல்ஸ் ஜெட்டே, 1898ல் அலாஸ்கா போன இயேசுசபைப் பாதிரியார். கையாலேயே எழுதிக் குவித்துவிட்டு 1927ல் இறந்துபோனார். எலைசா ஜோன்ஸ் என்ற கோயுகான் பெண்மணி, அதே மொழியில் பிறந்து வளர்ந்தவர், அதை எடுத்துச் சரிபார்த்து வளர்க்க, ஜேம்ஸ் கேரி பதிப்பிக்க, புத்தகமாக வந்தது 2000ல். என்னைக் கேட்டால் அட்டையில் அந்த அம்மா பெயரைத்தான் முதலில் போடுவேன்.

குறைகள்: ஐந்து நாள் என்றார், பன்னிரண்டு ஆனது. போன் எடுப்பதில்லை. 650 ரூபாய் வாங்கினார், அது நியாயம்தான். முதுகில் தங்க எழுத்தில் தலைப்பு அடிக்கச் சொல்லியிருந்தேன். 'அதபாஸ்கரன் அகராதி' என்று அடித்து வைத்திருக்கிறார்! மாற்றித் தருகிறேன் என்றார். பிரித்தால் துணி கிழியும், போகட்டும் என்றுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் அந்தப் பாஸ்கரன் என்று கேட்கிறார்கள்.

இப்போது மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961ல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். அதபாஸ்கன் மொழிகளில் ஊறிய அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீரிடம் பயின்றவர்தான் எமனோ. சபீர் தூண்டித்தான் 1935ல் நீலகிரிக்கு வந்து தோடா, கோத்தா மொழிகளைப் பதிவுசெய்தார். இரண்டு அகராதியும் ஒரே கையால் தைக்கப்படட்டுமே. முதுகில் மட்டும் ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.