கடைக் கணக்கை மெஷினில் வைப்பதா, கிளவுடில் வைப்பதா?

பில் போடும் சொப்ட்வெயர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது விலை. அதற்கடுத்து, "தம்பி, இந்தக் கிளவுட்டுனு சொல்றாங்களே, நம்ம பக்கத்துக்கு அது சரிவருமா?" என்பார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று கடை கடையாக ஏறி பில் மெஷின் பூட்டிக் கொடுப்பது என் தொழில். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் போனா உங்களுக்குக் கஷ்டமா, லைன் போனா கஷ்டமா?" பலர் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சிரிப்பார்கள். ஒன்றில்லை. அதைப் பிரித்துப் பார்த்தாலே பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

எது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷினில் வைப்பது என்றால் ப்ரோகிராமும் கணக்கும் கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். டேலி அப்படிப்பட்டது. உள்நாட்டில் எழுதி விற்கும் பில் சொப்ட்வெயர்களிலும் பல அப்படித்தான். கிளவுட் என்றால் நம் கையில் இருப்பது பிரவுசரோ ஒரு செயலியோ மட்டும், கணக்கு எங்கோ ஒரு தரவு நிலையத்தில் இருக்கும். ஸோஹோ புக்ஸ், குவிக்புக்ஸ் ஒன்லைன் எல்லாம் இந்த வகை.

கரண்டும் லைனும்

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது அந்த நாட்களில்தான். மேசைக் கம்ப்யூட்டருக்குப் போடும் 650 விஏ யூபிஎஸ், கத்திக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். கையில் இருக்கும் பில்லை சேவ் பண்ணி மூடத்தான் அந்த நேரம். ரவுட்டர் அப்படியில்லை, பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ட் போதும். உள்ளங்கை அளவு மினி யூபிஎஸ் ஒன்று அதை மூன்று நான்கு மணித்தியாலம் ஓட்டிவிடும். போனில் பில் போட்டு, பட்டரியில் ஓடும் புளூடூத் பிரின்டரில் அடித்துக் கொடுக்கும் கடை கரண்ட் இல்லாமலே அரை நாளைத் தள்ளிவிடும். ஆக, கரண்ட் போனால் முதலில் படுப்பது மேசைக் கம்ப்யூட்டர்தான். எல்லோரும் நினைப்பதற்கு இது நேர்மாறு.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு போய் மோதியதால்தான் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னாரே, அந்த நாள். தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு இறங்கும் ஞாயிறு என்பதால் கடைகளில் கூட்டம். நான் போயிருந்த ஹார்ட்வெயார் கடையில் யூபிஎஸ் கத்தி ஓய்ந்தது, முதலாளி கார்பன் பேப்பர் வைத்த பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் பெண்பிள்ளை போனிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் வெகு நேரத்துக்கு இல்லை. கோபுரத்தின் பட்டரி இறங்கியதும் சிக்னல் போய்விட்டது, அந்தப் பிள்ளையும் பேனாவைத் தேடியது.

லைன் போவது வேறு கதை. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை இறங்கினால் கிளை முறிந்து கேபிள் மேல் விழுவது புதினமில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவம் அந்த வேலையைச் செய்யும். ஃபைபர் அறுந்தால் ஆள் வந்து ஒட்டித் தர ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். கரண்ட் இருக்கிறது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இங்கே மெஷினில் வைத்தவர் கவலையில்லாமல் பில் போடுவார். கிளவுட்காரருக்குப் போன் ஹொட்ஸ்பொட் ஒரு வழி. ஒரு பில் என்பது சில கிலோபைட்தான், சுமாரான 4ஜி போதும். ஆனால் டவுனை விட்டுப் பள்ளத்தில் இறங்கிய கடைகளில் அந்தச் சுமாரே கிடைக்காது.

இதற்கிடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடைக்குள் இரண்டு கவுண்டர் இருந்தால் அவை ஒன்றோடொன்று பேச இன்டர்நெட் வேண்டும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வேண்டாம். ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சும் இரண்டு கேபிளும் போதும். மெஷினில் வைக்கும் சொப்ட்வெயருக்கு வெளி உலகமே தேவையில்லை.

அப்போ மெஷினில் வைக்கிறவர் மேசைக் கம்ப்யூட்டரை விட்டு லெப்டொப்புக்கு மாறினால் கரண்ட் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும், லைன் பிரச்சினையும் இல்லை. நான் கடைசியாகப் பூட்டிய நாலைந்து கடைகளுக்கு லெப்டொப்தான் கொடுத்திருக்கிறேன்.

காசு

இதில் நீட்ட எதுவுமில்லை. மெஷினில் வைப்பது ஒருமுறை பெருந்தொகை, பிறகு வருடா வருடம் சேர்விஸ் காசு. கிளவுட் மாதா மாதம், அதுவும் பெரும்பாலும் டொலரில். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. மாதம் 30 டொலர் கட்டியவருக்கு 6,000 ரூபாய் இரண்டே மாதத்தில் 10,800 ஆனது. கடை வருமானம் அப்படி ஏறவில்லை. ரூபாயில் கட்டணம் வாங்கும் உள்ளூர்க் கிளவுட் சேவைகளும் இருக்கின்றன, முடிந்தால் அவற்றை முதலில் பாருங்கள்.

மெஷின்காரர் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் மெஷின்களை வின்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. "ஒருக்கா வாங்கினா முடிஞ்சுது" என்று பத்து வருடத்துக்கு முன் வாங்கியவர்கள் இப்போது மெஷினோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

காசைவிடப் பெரிய தலையிடி வரி மாற்றம். வற் வரி 2022 ஜூன் 1இல் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, செப்டம்பர் 1இல் 15 ஆனது, 2024 ஜனவரி 1இல் 18 ஆனது. பத்தொன்பது மாதத்தில் மூன்று தடவை. அதே 2024 ஜனவரியில் வற் பதிவுக்கான விற்பனை எல்லையும் வருடத்துக்கு 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனாக இறங்கியதால், அதுவரை வற் பக்கமே போகாத மொத்தக் கடைக்காரர்கள் சிலரும் உள்ளே வந்தார்கள். நல்ல சொப்ட்வெயரில் இதை செட்டிங்கில் மாற்றலாம், அது எங்கே இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் 15 என்ற எண் ப்ரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. எழுதிய பையன் வெளிநாடு போய்விட்டான். ஜனவரி முழுக்க அந்தக் கடையில் பில்லை அடித்துவிட்டு, மிச்ச 3 வீதத்தைக் கல்குலேட்டரில் போட்டு பேனாவால் கீழே எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே மெஷின் சொப்ட்வெயர் வாங்கும்போது வரி வீதத்தை எங்கே மாற்றுவது என்று விற்பவரை உங்கள் கண் முன்னால் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு தொலைந்தால்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல இடங்களில் நாட்கணக்கில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த நாட்களில் எந்தச் சொப்ட்வெயரும் யாருக்கும் உதவவில்லை. வித்தியாசம் தெரிந்தது பிறகுதான். தாழ்வான தெருவில் இருந்த ஒரு பலசரக்குக் கடையைத் துப்புரவாக்கி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கவுண்டருக்குக் கீழே இருந்த சிபியூவுக்குள் சேறு. "பெக்கப் இருக்குது தம்பி, ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுப்பேன்" என்றார் முதலாளி. எடுத்துத்தான் இருந்தார். அந்த டிஸ்க் அதே கவுண்டரின் கீழ் லாச்சிக்குள் இருந்தது. லாச்சியைத் திறந்தபோது சேற்றோடு சேர்ந்து வந்தது.

கிளவுடில் வைத்திருந்தால் இன்னொரு போனை எடுத்து உள்ளே நுழைந்து, யார் எவ்வளவு தர வேண்டும் என்று அன்றைக்கே பார்த்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் கிளவுடை அடித்துக்கொள்ள முடியாது.

ஆனால் கிளவுட் என்றாலே பத்திரம் என்று இருந்துவிடவும் முடியாது. 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் சொந்தக் கிளவுடையே ரான்சம்வெயர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ், தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், ஏறக்குறைய 5,000 முகவரிகளுடையவை, திரும்பி வரவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலப்பகுதிக்குப் பெக்கப் இருக்கவில்லை என்பதுதான் காரணம். கிளவுட் என்பதும் யாரோ ஒருவருடைய மெஷின்தான். அவர் பெக்கப் எடுக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. மாதம் ஒரு தடவை கணக்கை எக்ஸெல் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்க விடாத சேவை என்றால் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று, யாருடைய பெயரில் அக்கவுண்ட் திறக்கிறீர்கள் என்பது. ஒரு கடையில் பில் போட்ட பையனுடைய ஜிமெயிலில் திறந்திருந்தார்கள். அவன் சண்டை பிடித்துக்கொண்டு போனதும், கடையின் நாலு வருடக் கணக்கு அவனுடைய போனுக்கு வரும் ஓடிபி எண்ணில் தொங்கியது. முதலாளி அவனுடைய வீட்டுக்கே போய் மாமா முறைக்காரர் ஒருவரை வைத்துச் சமாதானம் பேசி வாங்கினார்.

மெஷினில் வைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. இரவு கடையை மூடும்போது சொப்ட்வெயரின் பெக்கப் பட்டனை அழுத்துங்கள். வரும் கோப்பு கூகுள் டிரைவுக்குப் போகட்டும். இலவசமாகவே 15 ஜிபி இருக்கிறது, ஒரு கடைக்குத் தாராளம். ஓடிக்கொண்டிருக்கும் கணக்குக் கோப்புறையையே டிரைவுக்குள் வைத்துவிடாதீர்கள். பாதி எழுதிய நிலையில் அது பிரதியாகிப் பழுதாகிவிடும். டிஸ்க்கில் எடுக்கிறவர்கள் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குத்தியபடியே விட்டால் வைரஸ் வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

யாருக்கு எது

ஒரே கடை, ஒன்றிரண்டு கவுண்டர், முதலாளி கல்லாவிலேயே உட்காருகிறவர் என்றால் மெஷின். லெப்டொப்பில், மேலே சொன்ன இரவு பெக்கப்போடு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டு டவுனில் கடை, அல்லது கடை ஹட்டனிலும் முதலாளி கொழும்பிலும் என்றால் கிளவுட்தான். மெஷினில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்து அதன் திரையைத் திறக்கும் எனிடெஸ்க்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது வேலைக்காகாது. சம்பளக் கணக்கு, அதாவது ஈபிஎஃப் சேமலாப நிதிக்கு வேலையாள் 8 வீதம் முதலாளி 12 வீதம், ஈடிஎஃப் நிதிக்கு முதலாளி 3 வீதம் என்று மாதம் ஒருமுறை போடுவது, எதில் இருந்தாலும் ஒன்றுதான். ஒரு நாள் தாமதித்தால் குடி முழுகாது.

மூன்றாவது வகை தேயிலைக் கொழுந்து வாங்குகிறவர்கள். இவர்களுக்கு இரண்டுமே அப்படியே பொருந்தாது. பண்டாரவளைப் பக்கத்தில் ஒருவருடைய லொறியில் ஒரு நாள் முழுக்கப் போனேன். பாதையோரம் சாக்கோடு சிறுதோட்டக்காரர்கள் நிற்பார்கள். லொறியில் தொங்கும் டிஜிட்டல் தராசில் மாட்டி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, மிச்சத்தைச் சிட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். மாதக் கடைசியில் அட்வான்ஸும் உரக் காசும் கழித்துத்தான் பணம். இருபதுக்கு மேற்பட்ட நிறுத்தத்தில் பாதிக்கு மேல் சிக்னல் இல்லை. பிரவுசரில் ஓடும் கிளவுட் இங்கே செத்துப்போகும். ஒஃபிஸ் மெஷினோ லொறிக்கு வராது. நிறையைப் போனிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் வரும் வளைவில் தானாக மேலே அனுப்பும் செயலிதான் சரி. வாங்குவதற்கு முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு பத்து நிறை பதிந்து, மூடித் திறந்து பாருங்கள். பத்தும் இருந்தால் வாங்கலாம். நான் பார்த்த ஒன்றில் ஏழுதான் இருந்தது.

பழைய மெஷினிலிருந்து கிளவுடுக்கு மாறுகிறவர்களுக்கு விற்கிறவர் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு: பாமினி. பழைய சொப்ட்வெயரில் தமிழ்ப் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். கிளவுடில் ஏற்றியதும் அத்தனை வாடிக்கையாளரும் புரியாத எழுத்துக் குவியலாகிவிடுவார்கள். எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் பெயருக்குப் பக்கத்திலேயே தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அதையும் தமிழென்று எண்ணிக் குதறிவிடும்.

தலவாக்கலையில் ஒரு கடையில் அப்படி 412 பெயர். கருவியில் போட்டதில் இருநூற்றுச் சொச்சம் தேறியது. மிச்சத்தை முதலாளியின் மகள் பின்னேரம் டியூஷன் முடிந்து வந்து, பழைய கடன் கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அடிக்கிறாள். கொப்பியில் மூன்று ராமசாமி. ஒவ்வொரு தடவையும் உள்ளே திரும்பிக் கேட்கிறாள்: "அப்பா, இது மேல்பிரிவு ராமசாமியா, கீழ்ப்பிரிவா?"