கரும்பா, மக்காச்சோளமா, பஜ்ஜி எண்ணெயா: எந்த உயிரி எரிபொருள் நமக்கு நல்லது?

போன மழையில் வேளச்சேரியில் என் ஸ்கூட்டர் நடுத்தெருவில் நின்றுவிட்டது. மெக்கானிக் டேங்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக ஏதோ. "இது வெறும் தண்ணி இல்ல சார், எத்தனாலையும் சேத்து இழுத்துட்டு கீழ போயிருக்கு" என்றார். உண்மைதான். பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால், அதாவது பயிரிலிருந்து காய்ச்சும் சாராயம், தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும்; தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

மைலேஜும் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். 20 சதவீதம் கலந்தால் பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், பழைய டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதமும் குறையலாம் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதற்காக எத்தனாலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் தன்மை) அதிகம், கார்பன் மோனாக்சைடு குறைவு, கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறைகிறது. ஆனால் அதை எதிலிருந்து காய்ச்சுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கரும்பு. ஒரு டன் கரும்பில் ஏறக்குறைய 100 கிலோ சர்க்கரை எடுத்த பிறகும், மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் சுமார் 10 லிட்டர் எத்தனால் கிடைக்கும். சாற்றையே நேராகப் புளிக்கவைத்தால் 70 லிட்டர் வரும், சர்க்கரை வராது. அப்படி எடுக்கும் ஒரு லிட்டருக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்பது நிதி ஆயோக் கணக்கு. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தவர்கள் நாம். அதனால் கழிவுப்பாகு சரி, சாறு வேண்டாம் என்பதே என் கட்சி. வடித்த பின் மிஞ்சும் கருப்புக் கழிவுநீரை ஆலை ஒழுங்காகச் சுத்திகரிக்க வேண்டும், அது தனி.

மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் குறைவு. ஒரு டன்னுக்கு 380 லிட்டர் வரை கிடைக்கும். 2024-25-இல் அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய், சர்க்கரை முழுக்க எடுத்த கழிவுப்பாகு எத்தனாலுக்கு 57.97 ரூபாய். அப்புறம் ஆலைகள் எந்தப் பக்கம் போகும்? மக்காச்சோளத்துக்குப் போட்டி வந்தது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் இறக்குமதியில் இறங்கியது. மக்காச்சோளத்தைத் தீவனமாகப் போடும் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத்தான் அடி விழுந்தது. நம் வீட்டு முட்டை அங்கிருந்துதான் வருகிறது. வடித்த சக்கை தீவனமாகத் திரும்புகிறதே என்பார்கள். புரதம் திரும்புகிறது, மாவுச்சத்து திரும்புவதில்லை. சரியாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை நச்சும் சேரும்.

அரசுக் கிடங்கிலுள்ள நல்ல அரிசியை எத்தனாலாகக் காய்ச்சுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2022-இல் ஹரியானாவின் பானிபட்டில் வந்தது. வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிற வடக்கே அது பொருத்தம். இங்கே அது மாட்டுக்குப் போகிறது.

எனக்குப் பிடித்தது பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெய். அது எத்தனால் ஆகாது, பயோடீசல் ஆகும். வடிகட்டி, ஈரம் போக்கி, காஸ்டிக் சோடா போன்ற காரம் கலந்த மெத்தனாலோடு (இன்னொரு வகை ஆல்கஹால்) சூடாக்கினால் கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது பயோடீசல். வட இந்தியக் குளிரில் அது உறைந்து தொல்லை தரலாம், சென்னையில் அந்தப் பயமில்லை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருட்கள், அதாவது துருவச் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. ஊர் முழுக்கச் சேர்த்தாலும் டீசல் தேவையில் சிறு துளிதான். ஆனால் அந்தத் துளி சாக்கடைக்கும் போகாது, இன்னொரு கடாய்க்கும் போகாது.

பெசன்ட் நகரில் ஒரு பஜ்ஜிக் கடை அக்காவிடம் பழைய எண்ணெயை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டின்னைக் காட்டினார். "சின்னக் கடைக்காரங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க தம்பி. டீசலுக்குன்னு வர்றவங்க கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் குடுத்தா அவங்களுக்கே குடுத்துடுவேன்."