அடுத்த புதன் வாங்க: ஒரு வாட்ச் ரிப்பேர் கடை

டவுன்ஹால் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஒரு மேஜை போடுகிற அகலம்தான் கடை. அப்பாவின் எச்எம்டி ஜனதாவைக் கொண்டுபோனேன். சாவி கொடுக்கிற வாட்ச்; கீழே விழுந்ததில் நின்றுவிட்டது. அதற்கு முன் ஏறி இறங்கிய மூன்று கடையிலும் மூடியைக்கூடத் திறக்காமல் "விட்ருங்கக்கா" என்றார்கள். இந்த அண்ணன் மட்டும் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பேலன்ஸ் ஸ்டாஃப் ஒடிஞ்சிருக்கு டீச்சர். அடுத்த புதன் வாங்க." வாட்சுக்குள் இங்கும் அங்கும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுதான் அந்த ஸ்டாஃப்.

ஏழு புதன் போனேன்.

கடைச் சுவரில் ஒரு பைபிள் வசன அட்டை: ‘கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும், ஆயிரம் வருஷம் ஒருநாள்போலவும் இருக்கிறது.’ 2 பேதுரு 3:8. நாலாவது புதன் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், ட்வீசரால் அதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார் மனுஷன்! இருபது வருஷமாகச் சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறவள், விடுவேனா? "அடுத்த வசனத்தையும் சேர்த்து ஒட்டுங்கண்ணே. கர்த்தர் தாமதமாயிராமல்னு இருக்கும். உங்களுக்கு ஒத்துவராது" என்றேன்.

திரும்பி வருவேன் என்றாரே இயேசு, எங்கே காணோம் என்று கேலி பேசியவர்களுக்கு அவருடைய சீடர் பேதுரு சொன்ன பதில் அந்த வசனம். ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று கடவுள்தான் நமக்காகப் பொறுத்திருக்கிறார் என்கிறார். ஆயிரம் வருஷக் கணக்கு மோசேயின் ஜெபமான 90-ஆம் சங்கீதத்திலேயே உண்டு. அங்கே ஆயிரம் வருஷம் ‘நேற்றுக்கழிந்த நாள்போல’, ஓர் ‘இராச்சாமம்போல’. பெரியது சிறுத்துப்போவதோடு சரி. ஒரு நாள் ஆயிரம் வருஷம்போல விரிகிற மறுபாதி பேதுருவிடம்தான் வருகிறது. சிலர் இதையே வாய்ப்பாடாக்கி, படைப்பின் ஆறு நாளை ஆறாயிரம் வருஷமாகப் பெருக்கிவிடுவார்கள். ‘போல’ என்று ஒரு சொல் நடுவில் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அண்ணனுக்குப் பிடித்தது பைபிளில் வரும் எசேக்கியா ராஜா கதை. சாகக் கிடந்த ராஜாவுக்குக் கடவுள் பதினைந்து வருஷ ஆயுசு கூட்டிக் கொடுத்து, அடையாளமாக அவர் அப்பா ஆகாசின் சூரிய கடியாரத்தில் நிழலைப் பத்துப் பாகை பின்னுக்குத் தள்ளினாரே, அது. "நம்மால முள்ளைத்தான் பின்னாடி திருப்ப முடியும் டீச்சர்" என்றார். அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது?

தாமதத்துக்குக் காரணமும் இருந்தது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி வாட்ச் தொழிலை 2016-இல் மூட அரசு முடிவெடுத்துவிட்டது. புது பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? செத்த ஜனதா ஒன்று கைக்கு வரும்வரை காத்திருந்து, அதிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார். ஏழாவது புதன் என் கண்முன்னாலேயே பேலன்ஸை உள்ளே இறக்கினார். ஊசிமுனை அளவு அச்சு, அதைத் தாங்குகிற குட்டிக் கல்லுக்குள் உட்கார மறுத்தது. மூச்சை அடக்கி, எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தார். முக்கால் மணி நேரம். வெளியே ஆட்டோ ஹாரன், ஒரு போன் மூன்று தடவை அடித்தது, தலை நிமிரவில்லை. சட்டென்று சக்கரம் துடித்தது. காதருகே நீட்டினார். விநாடிக்கு ஐந்து டிக். அப்பா கை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

650 ரூபாய் வாங்கினார், பில் கிடையாது. கண்ணாடியில் கீறல் அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் வேகமாக ஓடுகிறது. கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறாராம். அவசரம் என்றால் இங்கே போகாதீர்கள். பழைய சாவி வாட்ச் என்றால் வேறெங்கும் போகாதீர்கள். ஞாயிறு லீவு. புதன் போவதாக இருந்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.