மீன் இல்லாத மேகம்: மூன்று வருஷம் சொல் எண்ணிய கதை

மீன்பிடிக்கிற ஊரின் பேச்சைத் தட்டச்சு செய்து, சொல்மேகம் (அதிகம் வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் காட்டும் படம்) போட்டுத் தரும் ஒரு இணையதளத்தில் கொடுத்தேன். வந்த படத்தில் மீனே இல்லை. ஒரு மூலையில் 'ம', இன்னொரு மூலையில் 'ன'. கடல் 'கடல' ஆகி, வேர்க்கடலைக்குச் சொந்தக்காரன் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப்பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சித்தப்பா வத்தை என்ற நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவரும் கூட்டாளிகளும் சாயங்காலம் வலையைப் பிரித்துக்கொண்டே பேசுவதை போனில் பதிவு செய்து எழுதிவைக்கும் பழக்கம் மூன்று வருஷமாக இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்கத்தான், அதிகம் வந்த சொல் மேலே நிற்கும் இந்தச் சொற்பட்டியல், சொல்மேகம் எல்லாம்.

மீன் ஏன் இரண்டு துண்டானது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் க, ம, ன எல்லாம் 'எழுத்து' வகை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'குறி' வகை. எழுத்து மட்டும்தான் சொல் என்று நினைக்கிற நிரல், குறி வந்த இடத்திலெல்லாம் கத்தி வைத்துவிடும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன். ஜப்பானில் வாசெதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கியது. அதில் குறிகளையும் சொல்லோடு சேர்த்துக்கொள் என்று அமைப்புகளில் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். மீன் முழுசாக வந்தது.

முழுசாக வந்தும் ரொம்பக் கீழேதான் இருந்தது. சித்தப்பாவிடம் காட்டினேன். "மீனுன்னு யாருடா சொல்லுவா? சூடைன்னா சூடை, நகரைன்னா நகரை, சீலான்னா சீலா" என்றார். மீன் என்ற சொல் வாங்க வருகிறவர்களுக்கு. பிடிக்கிறவர்களுக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை. இதை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது பட்டியல்தான், அதற்காகவே அதை மன்னித்தேன்.

பட்டியலின் உச்சியில் எதிர்பார்த்தபடி 'ஒரு', 'அந்த', 'அப்ப'. எந்தத் தமிழ்ப் பேச்சைக் கொட்டினாலும் இவைதான் மேலே மிதக்கும். முதல் சொல் வருவதில் ஏறக்குறையப் பாதி தடவை இரண்டாவது சொல், மூன்றில் ஒரு பங்கு மூன்றாவது சொல் என்று சரிந்துகொண்டே போகும் கணக்குக்கு ஜிஃப் விதி என்று பெயர். ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் என்ற அமெரிக்கர் பெயரில் வழங்குகிறது. இந்தச் சில்லறைச் சொற்களை நீக்கிவிட்டுத்தான் மேகம் போட வேண்டும் என்பார்கள். நானும் இணையத்தில் கிடைத்த நீக்கல் பட்டியல் ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டேன். மூன்று வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். அந்தப் பட்டியலில் 'இல்ல' இருந்தது.

எங்கள் ஆட்களின் பேச்சிலிருந்து 'இல்ல'வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பாடு இல்ல. காத்து இல்ல. டோக்கன் இல்ல. ஐஸ் இல்ல. இவை எல்லாம் மேகத்தில் பாடு, காத்து, டோக்கன், ஐஸ் என்று கொழுத்துத் தெரிந்தன. பார்க்கிறவர்களுக்கு ஊரே செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். மதுரை நண்பர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கடல்ல நல்லாப் பாடுவாங்க போல" என்றார். பாடு என்றால் இங்கே வலையில் அகப்படுவது. டோக்கன் என்றால் கடலுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டு. கடலுக்குப் போய் வந்தவரிடம் யாரும் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை, 'பாடு எப்படி' என்றுதான்.

அதற்கப்புறம் எந்தச் சொல்லையும் தனியாக நம்புவதில்லை. ஆன்ட்காங்கில் ஒரு சொல்லைச் சொடுக்கினால், அது வந்த வரிகளை எல்லாம் அந்தச் சொல் நடுவில் நிற்கும்படி அடுக்கிக் காட்டும். 'காத்து*' என்று பின்னால் நட்சத்திரக்குறி போட்டுக் கொடுத்தால், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காத்தும் வருகிறது, காத்துக்கிட்டு இருந்தோம் என்பதும் வருகிறது. நான் தினமும் பயன்படுத்துவது இந்த ஒரு வசதியைத்தான். மேகத்தைப் போட்டே பல மாதம் ஆகிறது.

தமிழுக்கென்று உள்ள தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். வலை, வலையை, வலையில, வலைக்கு எல்லாம் தனித்தனிச் சொற்களாக எண்ணப்படும். 'வலையைப் போட்டான்' என்று ஒற்று மிகுத்து எழுதினால் 'வலையைப்' இன்னொரு புதுச் சொல். கடைசியில் நிற்கும் க், ச், த், ப் நான்கையும் வெட்டிவிட்டுத்தான் எண்ணுகிறேன். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கிற வாத்தியார் நானே ஒற்றை வெட்டுவதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. வேற்றுமை உருபுகளைப் பிரிக்க இன்னமும் கையால்தான் வேலை. மேகத்தில் வேறொரு அநியாயமும் உண்டு. எழுத்தின் அளவுதான் கணக்கு என்றாலும், 'நாட்டுப்படகுக்காரங்க' இடத்தை அடைத்துக்கொண்டு கண்ணை இழுக்கும். அதைவிட அதிகம் வந்த 'மடி' பொடியாகத் தெரியும்.

வகுப்பில் மட்டும் மேகத்துக்கு மவுசு குறையவில்லை. பாசி எடுக்கப் போகிற அம்மாக்களின் பேச்சில் ஒன்று போட்டுச் சுவரில் ஒட்டினேன். நடுவில் பெரிதாகப் 'பெப்சி', பக்கத்தில் 'மரிக்கொழுந்து'. வெளியூரிலிருந்து புதிதாக வந்த கணக்கு ஆசிரியர் நின்று பார்த்துவிட்டு, "இங்க கூல்டிரிங்ஸ் குடிச்சிட்டுப் பூ கட்டுவாங்களா?" என்றார். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். இரண்டும் பாசி, சார். பெப்சி நிறுவனம் ஒரு காலத்தில் இங்கே வளர்க்க வைத்த பாசிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மரிக்கொழுந்துப் பாசி கடலுக்குள் பாறையிலிருந்து பறிப்பது.

ராமேஸ்வரம் விசைப்படகுக்காரர்கள் பேச்சில் திங்கள், புதன், சனி மேலே ஏறி நிற்கும், மற்ற கிழமைகள் தேட வேண்டும். அவர்கள் கடலுக்குப் போகும் நாட்கள் அவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் பதிவு செய்தால் கிழமையே வராது, 'நிவாரணம்' வரும்.

பட்டியலைப் புதிதாக எடுப்பவர்களுக்கு என் யோசனை: அடியிலிருந்து படியுங்கள். ஒரே ஒரு முறை வந்த சொற்கள் பாதிக்குப் பாதி இருக்கும். அதில் நிறைய என் தட்டச்சுப் பிழை. மீதியில்தான் நீவாடு மாதிரி, நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொற்கள் கிடக்கின்றன.

போன மாதம் அந்த அடிப்பட்டியலை அச்சடித்துக்கொண்டு போய் சித்தப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு விரல் வைத்து வாசித்தார்.

"கச்சான் இருக்கு. வாடை எங்கடா?"

தேடிப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. மூன்று வருஷப் பதிவும் கோடை விடுமுறையிலும் ஆடியிலும் எடுத்தது.

"ஆடி மாசம் வந்து கேட்டா வாடை எங்கேர்ந்து வரும்? மார்கழிக்கு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அரையாண்டு விடுமுறைக்கு அங்கேதான் போகிறேன். காற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று மைக்குக்கு ஒரு பஞ்சு உறை வாங்கி வைத்திருக்கிறேன்.