களி சாப்பிட்டுவிட்டுக் கர்ண மோட்சம்

தருமபுரியில் கல்யாண மண்டபத்துக்குள் டிக்கெட் போட்டு, விடிய விடிய ஆடுவதை மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கிக் 'கர்ண மோட்சம்' கூத்து நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தயங்காமல் போகலாம். முன்வரிசை 200 ரூபாய், பின்வரிசை 100. கொடுத்த காசுக்குக் குறைவில்லை. ஆனால் எதைச் சுருக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதில் அந்தக் குழுவோடு எனக்கு வழக்கு இருக்கிறது. என் மாமியாருக்கு அதைவிடப் பெரிய வழக்கு இருக்கிறது.

அத்தை பென்னாகரம் பக்கத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் தரையில் மண்ணால் செய்த துரியோதனனைக் கிடத்திப் படுகளம் என்று எல்லாவற்றையும் பாய் போட்டுப் பார்த்து வளர்ந்தவர். வசனம் பாதி அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவரைக் குஷன் நாற்காலியில் உட்காரவைத்துக் கூத்துப் பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அழைத்துப் போனேன்.

கூத்து இரவு ஏழரைக்கு. அதற்கு முன் வயிற்றைக் கவனிக்க வேண்டும் என்று பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். ஆறு மணிக்குத்தான் கேழ்வரகுக் களி இறக்குவார்கள். இறக்கியதும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும். எங்களுக்கு முதல் பந்தி கிடைத்தது. ஈரக் கையால் உருட்டிய உருண்டை, தட்டில் விழுந்ததும் லேசாகப் பரந்து நின்றது. நொய் நன்றாக வெந்து, மாவில் கட்டி இல்லாமல், கிண்டியவர் கை தெரிந்தது. அத்தை நடுவில் விரலால் குழி போட்டு நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றி, ஒரு துண்டு கிள்ளி, மெல்லாமல் விழுங்கினார். இரண்டாவது துண்டுக்குப் பிறகுதான் "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தது, தேங்காய் குறைவு. எனக்கு அப்படித்தான் பிடிக்கும். கொள்ளுக் கடைசல் தனியாக 30 ரூபாய், வாங்கிவிடுங்கள். கீரையில் உப்பு இல்லை. இரண்டாவது முறை குழம்பு கேட்டால் பரிமாறுகிறவர் காதில் விழாததுபோல அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் வாளியைத் தூக்கி வந்ததும்தான் சிரித்துக்கொண்டே திரும்பினார். தோசை கேட்டு வந்த இரண்டு இளைஞர்கள் களியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கேழ்வரகு விளையும் மண்ணில், 2023-இல் ரேஷன் கடையிலேயே 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிய மாவட்டத்தில், களிக்கு முகம் சுளிப்பவர்களை என்ன சொல்வது!

ஒரு எச்சரிக்கை: கூத்துக்கு முன் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடிய விடிய உட்காருகிறவர்களுக்குத்தான் இரண்டு உருண்டை. என் வீட்டுக்காரர் இரண்டு சாப்பிட்டார். கர்ணனுக்குத் தேரோட்டும் சல்லியன் வரும்போது அவர் தலை என் தோளில் இருந்தது.

இனி கூத்து. நான் தையல் கடை வைத்திருப்பவள், ஆகவே கண் முதலில் உடுப்புக்குத்தான் போகும். கர்ணனுக்குக் கட்டை வேஷம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் காக்காப்பொன்னும் ஒட்டியவை. அந்த மரம் எடை குறைந்தது என்பதால்தான் அவ்வளவையும் சுமந்துகொண்டு கிறுக்கி அடித்துச் சுழல முடிகிறது. பாவாடையின் கீழ்விளிம்பில் உள்பக்கமாகக் கனத்த நாடா வைத்துத் தைத்திருந்தார்கள். சுழலும்போது பாவாடை விரிந்து அப்படியே ஒரு கணம் நின்று, பிறகு கர்ணனைச் சுற்றி இறங்குவதற்கு அதுதான் காரணம். கர்ணன் மனைவி பொன்னுருவியாக வந்தவர் ஆண். அவருடைய ஜாக்கெட்டில் அக்குளுக்குக் கீழே நாலுமூலைத் துண்டு ஒன்று சேர்த்துத் தைத்திருந்தார்கள். கையை முழுக்கத் தூக்கி ஒப்பாரி வைத்தாலும் தையல் விடவில்லை, இடுப்புப் பட்டை மேலே ஏறவில்லை. தைத்தவர் யார் என்று தெரிந்தால் என் கடைக்கே அழைத்துக்கொள்வேன்.

அந்தப் பொன்னுருவிதான் அன்றைக்கு மேடையைத் தன் கையில் வைத்திருந்தவர். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். கலிங்கத்து இளவரசி, தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோம் என்று காலமெல்லாம் அவனை ஒதுக்கிவைத்தவள், கதவைத் திறக்க மறுக்கிறாள். தான் குந்தி பெற்ற பிள்ளை என்று கர்ணன் அப்போதுதான் சொல்கிறான். இந்த இடத்தில் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. ஏறக்குறைய நாற்பது நிமிடம் இரண்டே பேர், ஒரு மரப் பெஞ்சு, பின்பாட்டு. உண்மை தெரிந்ததும் பொன்னுருவி ராகத்தை உடைத்து வசனத்துக்கு இறங்கி, "இத்தனை வருஷம் நான் உன்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லையே" என்று தட்டையான குரலில் கேட்டார். எனக்கு முன்னால் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பெண் அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். அத்தை மூக்கைச் சிந்தினார். ஒரு குடும்பச் சண்டையைப் போருக்கு நடுவில் கொண்டுபோய் வைத்த அந்தப் பழைய ஆட்களின் புத்திக்கு ஈடே இல்லை.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நல்ல வாய்க்காரர். "கேட்டதையெல்லாம் கொடுக்கிற மகாராசா, பாலக்கோட்டில் தக்காளியைச் சாலையில் கொட்டினோமே, அப்போது எங்கே போயிருந்தீர்?" என்று கர்ணனைக் கேட்டதும் பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் அவருக்கு மொத்தம் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். வெட்டியதில் முதல் தவறு இது. பொன்னுருவி அவ்வளவு அழவைத்த பிறகு மூச்சு விட ஆள் வேண்டாமா?

இரண்டாவது தவறு சல்லியன். நாகாஸ்திரத்தைத் தலைக்குக் குறிவைக்காதே, மார்புக்கு வை என்று அவன் சொல்வதும், கர்ணன் மறுப்பதும், கண்ணன் தேரை அழுத்த அம்பு கிரீடத்தோடு போவதும் இரண்டே பாட்டுகளில் முடிந்துவிட்டன. சல்லியன் கோபித்துக்கொண்டு தேரை விட்டு இறங்கும் காட்சியே இல்லை. "அவன் இறங்கிப் போகாமல் சக்கரம் அழுந்தினால் தூக்கிவிட ஆள் இருக்குமே, கண்ணு" என்றார் அத்தை, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்கும்படி. அவரும் தலையாட்டினார். கதையின் ஆணியைப் பிடுங்கிவிட்டு நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

திரை கட்டி வரும் முறையை விடாமல் வைத்திருந்ததற்கு நன்றி. இரண்டு பேர் துணியைப் பிடிக்க, பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. பிறகு கிரீடத்தின் நுனி, சலங்கை, ஒரு கை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டித்தான் கர்ணன் வெளியே வந்தான். மேடையில் மோட்டார் திரையும் இருந்தது. அதைத் தொடவில்லை.

மண்டபக் கூத்துக்குத் தீர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. ஊரில் விடிய விடிய ஆடும்போது கர்ணன் விழுவது கிழக்கு வெளுக்கும் நேரத்தில். சூரியன் பெற்ற பிள்ளை சூரியன் வரும் நேரத்தில் சாகிறான். குந்தி மடியில் போட்டு அழும்போது உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் முகமும் வெளிச்சத்தில் தெரியத் தொடங்கும். இங்கே பத்து மணி இருபது நிமிடத்துக்கு டியூப் லைட்டின் கீழ் செத்தான். அந்தணர் வேடத்தில் வந்த கண்ணன் புண்ணியத்தை யாசிக்கும் இடம் நன்றாகத்தான் இருந்தது, ரத்தத்தோடு தாரை வார்த்துக் கொடுக்கும்போது மிருதங்கம் நின்று தாளம் மட்டும் ஒலித்தது. ஆனாலும் பக்கத்தில் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

ஒலிபெருக்கிதான் பெரிய தொல்லை. முகவீணை சிறிய ஊது வாத்தியம், ஆனால் வயல்வெளியைத் தாண்டிக் கேட்கக்கூடியது. அதன் வாயில் மைக் வைத்து, மூடிய மண்டபத்துக்குள், ஆளுயரப் பெட்டி இரண்டில் திருப்பிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கர்ணன் சட்டையில் செருகிய மைக்கில் பாட்டைவிடப் பதக்கம் உராயும் சத்தம்தான் அதிகம். இடைவேளையில் ஒலி அமைப்பவரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் குறைத்தார். பிறகு மறந்துவிட்டார்.

ஆகவே 200 ரூபாய் டிக்கெட் வாங்கி ஏமாறாதீர்கள். 100 ரூபாய் வரிசையில், இடதுபக்கத் தூணுக்கு அருகே உட்கார்ந்தால் பெட்டியின் நேர் வீச்சில் இருக்க மாட்டீர்கள், பின்பாட்டுக்காரர்கள் முகமும் தெரியும். இடைவேளை டீ 20 ரூபாய், சர்க்கரைத் தண்ணீர். பெண்கள் கழிப்பறைக்கு ஒரே விளக்கு, அதுவும் விட்டு விட்டு எரிகிறது. பென்னாகரம் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை நம்பாமல் திரும்புவதற்கு வண்டி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

அடுத்ததாக 'அரவான் களப்பலி' போடப்போவதாக வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அத்தை அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அமைப்பாளரிடம் நேராகப் போய், சல்லியனுக்குச் செய்ததை அரவானுக்கும் செய்தால் மேடையேறி வந்து கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அமைப்பாளர் எங்கள் மூன்று பேர் பெயரையும் குறித்துக்கொண்டார்.